அத்தனை பேர் முன்னால் என்னைத் திருத்தினாள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 58. திருநங்கை. பெற்றவர்கள் துரத்திவிட்ட ஒரு பிள்ளையை எங்கள் ஜமாத், அதாவது திருநங்கைகள் சமூகத்தின், பெரியவர்கள் முன்னால் மகளாக ஏற்றுக்கொண்டேன். கடை கடையாகக் கை நீட்டிக் கேட்டு வந்த காசில் படிக்க வைத்தேன். இப்போது கம்பெனி வேலையில் இருக்கிறாள்.

போன ஏப்ரல் 15, திருநங்கையர் தினக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். "நம்ம அரவாணிங்க" என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவள் மைக்கை இழுத்து, "அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது, திருநர்னு சொல்லணும்" என்றாள். கூட்டம் சிரித்தது. பஸ்ஸில் அலி, ஒன்பது என்று கூப்பிட்ட காலத்தில் அரவாணி என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை! கூவாகம் திருவிழாவில் கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டி அறுத்தவள் நான், அரவாணி என்ற பேரே அவரால் வந்ததுதான். எனக்கு இவள் பாடம் நடத்துகிறாளா?

வீட்டிலும் இதே கதைதான். அவள் நண்பன் ஒருவன், திருநம்பியாம், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன், வந்திருந்தான். வாய் தவறி "வாம்மா" என்றுவிட்டேன். அன்று முழுக்க இவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதைச் சொன்னாலும் தப்பு. கூட்டத்துக்கு முந்தின மாதம் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகலாக அவள்தான் பார்த்துக்கொண்டாள், இல்லையென்று சொல்லமாட்டேன். படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தாள், அது கிடக்கட்டும். ஆனால் அத்தனை பேர் முன்னால் திருத்தலாமா? பெரியவர்கள் சொன்ன பேரை மாற்ற இந்தப் பிள்ளைகளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

*

அன்புள்ள அம்மா,

மேடை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மைக்கில் திருத்தியது தப்பு, காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்ன விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. 2008இல் தமிழ்நாடு அரசு உங்களுக்கென அமைத்த நலவாரியம் வந்தபோது அதன் பெயரே அரவாணிகள் நலவாரியம்தான். பிறகுதான் அது திருநங்கைகள் நலவாரியம் ஆனது. கூத்தாண்டவரோடு சம்பந்தமில்லாத கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளும் உங்களுக்குள் இருக்கிறார்கள். திருநங்கை என்று சொன்னால் திருநம்பிகள் அதில் வரமாட்டார்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்லத்தான் திருநர். 'அலி' வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை, நீங்களாகத்தான் எடுத்துக்கொண்டீர்கள். அவளும் அதைத்தான் செய்கிறாள். உங்களை நீங்கள் அரவாணி என்று சொல்லிக்கொள்வதில் தலையிட மட்டும் அவளுக்கு உரிமையில்லை. அந்தப் பையன் அடுத்த தடவை வந்தால் "வாப்பா" என்று கூப்பிடுங்கள்.

சரி, இப்போது 'கிடக்கட்டும்' என்று ஒதுக்கினீர்களே, அங்கே வருகிறேன். கடிதம் முழுக்கச் சண்டை போட்டவர் அந்த இடத்தில் மட்டும் சத்தமே இல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். ஊர் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டாலும் தாங்கியவருக்கு மகள் கையெழுத்தில் 'தெரிந்தவர்' என்று பார்த்ததைத் தாங்க முடியவில்லை. அந்தப் புண் ஆறாமல்தான் மேடை ஏறினீர்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு முறை விழுந்தால் யார் வருவார்கள், நாளைக்கு என்னை எடுத்துப் போட யார் இருக்கிறார்கள் என்ற பயம் அதற்குள் இருக்கிறது.

அவள் ஏன் அப்படி எழுதினாள்? ஜமாத்தில் ஏற்ற தாய் மகள் உறவுக்கு அரசாங்கக் காகிதம் எதுவும் கிடையாது. 'மகள்' என்று எழுதியிருந்தால் கவுன்டரில் இருப்பவர், "எப்படி மகள்? ஆதாரைக் காட்டு" என்று ஆரம்பித்திருப்பார். நீங்கள் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது அந்த விசாரணை வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அல்லது கூச்சப்பட்டிருக்கலாம், அதுவும் நடக்கக்கூடியதுதான். நீங்கள் கேட்கவே இல்லையே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மேடையில் அவள் பேசியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் படித்துப் பாருங்கள். அத்தனை பேர் முன்னால் அவள் வாயில் வந்த முதல் வார்த்தை "அம்மா".

மன்னிப்பெல்லாம் அப்புறம். அவள் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, படிவத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். உங்கள் பயத்தையும் சொல்லுங்கள். நீங்கள் சம்பாதித்ததை உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ரத்த உறவு வேண்டும் என்பதில்லை, அதையும் பேசிவிடலாம். அரவாணியா திருநரா என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். அதை எடுத்தால் இரண்டு பேரும் அதற்குள் போய் ஒளிந்துகொள்வீர்கள்.