பிறந்த வீடும் புகுந்த வீடும்: வாகனக் கேள்வி – பதில்

கேள்வி: நிலாவெளியில் மீன் வியாபாரம் செய்கிறேன். 2013ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லப்பட்ட நிசான் கிளிப்பர் வான் ஒன்றைக் கடந்த வருடம் வாங்கினேன். பிறேக் பழுதானபோது, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து 'கிளிப்பர் சாமான்' என்று பஸ்ஸில் அனுப்பிய உதிரிப்பாகங்கள் என் வானுக்குப் பொருந்தவில்லை. என் மச்சானின் கிளிப்பருக்கோ அவை அச்சொட்டாகப் பொருந்துகின்றன. எனக்கு விற்றது போலி வாகனமா?

பதில்: போலி அல்ல, கவலை வேண்டாம். உங்கள் வானும் மச்சானின் வானும் ஒரே பெயரைச் சுமந்தாலும், இரண்டில் எதையும் நிசான் தயாரிக்கவில்லை என்பதே இந்தச் சிக்கலின் வேர். 2003இல் நிசான் கிளிப்பர் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய சிறிய வான், உண்மையில் மிட்சுபிஷி தயாரித்த மினிகப் வானேதான். 2013இன் இறுதியில் நிசான் மிட்சுபிஷியை விட்டு சுசுகியிடம் போனது; அதன்பின் வந்த பெற்றோல் கிளிப்பர் வான்கள் எல்லாம் சுசுகி எவ்ரி. 2014இல் மிட்சுபிஷியும் அதே எவ்ரியை வாங்கித் தன் மினிகப் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. மஸ்டாவோ வெகுகாலமாகவே எவ்ரியை ஸ்க்ரம் என்ற பெயரில் விற்று வருகிறது. ஆகவே இன்று எவ்ரி, ஸ்க்ரம், கிளிப்பர், மினிகப் என நான்கு பெயர்களில் வீதியில் ஓடுவது ஒரே வான்.

ஜப்பானில் 660 சிசிக்கு மேற்படாத இயந்திரமும் 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளமும் கொண்ட வண்டிகள் தனி வகுப்பாகக் கருதப்பட்டு வரிச்சலுகை பெறுகின்றன. இந்த மலிவான வண்டிகளில் இலாபம் குறைவு என்பதால், சொந்தமாக ஒன்றை வடிவமைப்பதைவிட அடுத்த நிறுவனத்திடம் வாங்கித் தன் சின்னத்தைப் பொருத்தி விற்பதே பல நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

உங்களுக்குத் தேவை செசி இலக்கத்தின் (வாகனச் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தின்) முன்பகுதி. பதிவுப் புத்தகத்தில் அது டிஆர்64வி அல்லது டிஆர்17வி என்று தொடங்கினால் உங்கள் வான் சுசுகியின் வீட்டில் பிறந்தது. யு71வி அல்லது யு72வி என்றிருந்தால் மிட்சுபிஷியின் வீட்டில் பிறந்தது. சுசுகி வகையில் முதல் இரண்டு எழுத்துகள் புகுந்த வீட்டைக் காட்டுகின்றன: டிஏ சுசுகி, டிஜி மஸ்டா, டிஆர் நிசான், டிஎஸ் மிட்சுபிஷி. அவற்றுக்குப் பின்வரும் 64வி, 17வி என்ற பகுதிதான் வாகனத்தின் உண்மையான அடையாளம். எனவே கடைக்காரரிடம் 'கிளிப்பர்' என்று சொல்லாமல், 'எவ்ரி 64' அல்லது 'எவ்ரி 17' என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, செசி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுவது. இயந்திரத்தின் குறியீட்டையும் பார்க்கலாம். 3ஜி83 என்றால் மிட்சுபிஷி. கே6ஏ அல்லது ஆர்06ஏ என்றால் சுசுகி. விற்றவர் சொன்ன ஆண்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2013 என்பது மிட்சுபிஷி கிளிப்பர் போய் சுசுகி கிளிப்பர் வந்த ஆண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர், பக்கக்கதவு ஓடும் தண்டவாளத்தின் அடியில் தங்கித் தகட்டைத் தின்றுவிடும். சின்னம் எதுவானாலும் அந்த இடத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: கிண்ணியாவில் ஒரு நிசான் வனெட் டீசல் வான் பார்த்தேன். இயந்திரத்திலும் சில பாகங்களிலும் மஸ்டா என்ற எழுத்து இருக்கிறது. இயந்திரம் மாற்றப்பட்ட வண்டி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக நல்ல வண்டியைக் கைவிட்டுவிடாதீர்கள். பழைய சி22 வனெட் நிசானின் சொந்தத் தயாரிப்பு. 1994இலிருந்து வந்த வனெட் மஸ்டா பொங்கோவாகும். அதன் 2.2 லீற்றர் ஆர்2 டீசல் இயந்திரம் தொழிற்சாலையிலேயே மஸ்டாவாகப் பிறந்தது. 1999இன் பின் வந்த வகையில் செசி இலக்கத்தின் கடைசி எழுத்தே கதையைச் சொல்லிவிடும்: எஸ்கே22வி என்றால் மஸ்டா, எஸ்கே22விஎன் என்றால் நிசான், எஸ்கே22விஎம் என்றால் மிட்சுபிஷி டெலிக்கா. இயந்திர இலக்கம் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி.

காலம் சுழன்றிருப்பதையும் பாருங்கள். மூன்று வீடுகளுக்கு வான் கொடுத்த அந்த மஸ்டா, 2020இலிருந்து டொயோட்டா டவுன்ஏஸை வாங்கி, பொங்கோ என்ற தன் பழைய பெயரில் விற்கிறது.

கேள்வி: டொயோட்டா ரைஸ், டைஹட்சு ரொக்கி இரண்டும் ஒன்றா? (உவர்மலை வாசகி)

பதில்: ஒன்றுதான். 2019இல் வெளிவந்த இரண்டையும் வடிவமைத்துத் தயாரிப்பது டைஹட்சு; முகத்தோற்றமும் சில வசதிகளும்தான் வேறுபடும். மறுவிற்பனையில் டொயோட்டா சின்னத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால், நெடுங்காலம் வைத்து ஓட்டுபவர் நல்ல நிலையிலுள்ள ரொக்கியைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. டைஹட்சுவின் பாதுகாப்புச் சோதனை முறைகேடுகள் 2023இல் வெளிவந்தபோது டொயோட்டா சின்னத்துடன் விற்கப்பட்டவையும் சேர்த்தே நிறுத்தப்பட்டன என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 மூதூரில் ஒரு கொட்டிலில் நிற்கிறது. திருத்த ஆசை, ஆனால் ஒஸ்டின் சாமான் கிடைக்கவில்லை. இப்படிச் சின்னம் மாற்றி விற்பது ஜப்பானியர் கொண்டுவந்த வழக்கமா?

பதில்: உங்கள் தாத்தாவின் காரே அதற்கு மறுப்பு. பிரித்தானிய மோட்டார் கூட்டு நிறுவனம் 1959இல், இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனா வரைந்த ஒரே உடலை ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், வூல்ஸ்லி, ரைலி, எம்ஜி என ஐந்து பெயர்களில் விற்றது. பின்னாளில் ஹொண்டா தன்னிடம் இல்லாத ஜீப் வகைக்காக லேண்ட் ரோவர் டிஸ்கவரியை 1993இலிருந்து குரொஸ்ரோட் என்று விற்றதும், அஸ்டன் மார்ட்டின் 2011இல் டொயோட்டா ஐகியூவைத் தோல் இருக்கைகளால் அலங்கரித்து சிக்னெட் என்று விற்றதும் இதே வழியில் வந்தவைதான்.

ஆகவே தேடலை ஒஸ்டினுடன் நிறுத்தாதீர்கள். ஏ60இன் 1622 சிசி இயந்திரமே அக்கால மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் இருக்கிறது. முன் கிறிலும் பின் விளக்குகளும் வேறுபடும். அவற்றை மட்டும் உங்கள் காரிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டு, மற்றவற்றுக்குப் பழைய ஒக்ஸ்போர்ட் எங்காவது பிரிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள்.