தோரியம் பிளவில் 170 டிகிரியில் ஏன் அதிகத் துண்டுகள்?

கேள்வி: அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தோரியம்-232 இலக்கின் மீது 100 எம்இவி (மெகா எலக்ட்ரான்வோல்ட்) ஆக்சிஜன்-16 கற்றையைச் செலுத்தி, அணுக்கரு பிளந்து வெளிவரும் துண்டுகளைக் கற்றையின் திசையிலிருந்து வெவ்வேறு கோணங்களில் எண்ணினோம். திண்மக் கோணத்தை (ஒவ்வொரு டிடெக்டரும் பார்க்கும் பரப்பின் அளவை) சரிசெய்த பிறகு, 170 டிகிரி எண்ணிக்கையை 90 டிகிரி எண்ணிக்கையால் வகுத்தால் 1.3 வருகிறது. இரண்டும் இணைந்து உண்டாகும் கூட்டு அணுக்கரு, தான் உருவான விதத்தையே மறந்துவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் எல்லாத் திசையிலும் சமமாகத்தானே வர வேண்டும்? டிடெக்டரில் கோளாறா? 1.3 என்றே ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: அப்படியே எழுதிவிடாதீர்கள். டிடெக்டர்கள் சரியாகவே வேலை செய்திருந்தால், உங்கள் உண்மையான விகிதம் 1.9-ஐ ஒட்டி இருக்கும். நீங்கள் பார்ப்பது ஆய்வகச் சட்டகத்து எண், அதாவது ஆய்வகத்தில் நின்று அளந்தது. கோட்பாடு பேசுவது நிறைமையச் சட்டகத்தில், அதாவது நகரும் கூட்டு அணுக்கருவோடு சேர்ந்து நகர்ந்து பார்ப்பதுபோல.

ஆக்சிஜனை விழுங்கிய அணுக்கரு சும்மா நிற்பதில்லை, கற்றையின் திசையில் நகர்ந்துகொண்டே பிளக்கிறது. வயோலாவின் அனுபவச் சூத்திரப்படி, 98 புரோட்டான்களும் நிறை எண் 248-ம் கொண்ட இந்தக் கூட்டு அணுக்கரு பிளந்தால் துண்டுகளின் மொத்த இயக்க ஆற்றல் ஏறத்தாழ 189 எம்இவி. சமமாகப் பிளந்தால் துண்டுக்குச் சுமார் 94 எம்இவி. கூட்டு அணுக்கருவின் வேகம் அத்துண்டின் வேகத்தில் 0.185 பங்கு. சிறிய பங்குதான், ஆனால் விளைவு பெரிது: துண்டுகள் சீராகச் சிதறினால்கூட, ஆய்வகத்தில் 0 டிகிரியில் 1.40 மடங்காகவும் 180 டிகிரியில் 0.66 மடங்காகவும் தெரியும். உங்கள் 170 டிகிரிக்கு இந்தக் காரணி 0.67, 90 டிகிரிக்கு 0.98. இவற்றைக் கொண்டு திருத்தினால் 1.3 என்பது 1.9 ஆகிறது. இன்னொன்று: ஆய்வகத்தின் 90 டிகிரி, நிறைமையச் சட்டகத்தில் 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. உண்மையான 90 டிகிரியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு டிடெக்டரை ஆய்வகத்தில் 80 டிகிரிக்கு அருகில் வையுங்கள்.

இனி, 'மறதி' பற்றி. கூட்டு அணுக்கரு எதை வேண்டுமானாலும் மறக்கலாம், அழியாமல் காக்கப்படுபவற்றை மறக்க முடியாது: ஆற்றல், கோண உந்தம் (சுழற்சியின் அளவு), சமச்சீர்மை எண் (பாரிட்டி). ஆக்சிஜன்-16, தோரியம்-232 இரண்டுக்கும் தற்சுழற்சி சுழியம். எனவே மொத்தக் கோண உந்தமும் மோதலின் சுற்றுப்பாதையிலிருந்தே வருகிறது. அது எப்போதும் கற்றைக்குச் செங்குத்தாகவே இருக்கும். அணுக்கரு பிளக்குமுன் நீள்கிறது. சிலம்பக் கம்பு சுழல்வதுபோல, அந்த நீள அச்சு சுழற்சி அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால், சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் அது கற்றையின் கோட்டைக் கடக்கிறது. வெவ்வேறு மோதல்களில் சுழற்சி அச்சு கற்றையைச் சுற்றி வெவ்வேறு பக்கம் நோக்கினாலும், எல்லாச் சுழற்சித் தளங்களுக்கும் பொதுவான கோடு கற்றைதான். ஆகவே முன்னும் பின்னும் துண்டுகள் குவிகின்றன.

நீள அச்சின் மீது கோண உந்தம் விழும் கூறுக்குக் 'கே' என்று பெயர். சேணப்புள்ளியை (நீளும் அணுக்கரு இனித் திரும்பாமல் பிளவை நோக்கிச் செல்லும் நிலையை) கடக்கும்போது இருக்கும் கே-யே துண்டுகளின் திசையைத் தீர்மானிக்கிறது என்று 1955 ஜெனீவா மாநாட்டில் ஓகே போர் முன்வைத்தார். எனக்குப் பிளவு இயற்பியலிலேயே மிகவும் பிடித்த கருத்து இது; கண்ணால் காணமுடியாத ஒரு கணத்தின் வடிவம் டிடெக்டர் எண்ணிக்கையில் பதிந்துவிடுகிறது. 1958-இல் ஹால்பெர்னும் ஸ்ட்ருடின்ஸ்கியும் அதைச் சூடான அணுக்கருக்களுக்கு விரித்தார்கள். வெப்பநிலை உயர உயர, கே பல மதிப்புகளுக்குப் பரவும், திசைச்சார்பு (துண்டுகள் சில திசைகளில் மட்டும் குவிவது) குறையும். கோண உந்தம் கூடினால் திசைச்சார்பு கூடும். தோராயமாக, விகிதம் = 1 + (கோண உந்த வர்க்கத்தின் சராசரி) ÷ (4 × கே பரவலின் வர்க்க அகலம்).

காமாக் கதிரால் நிகழும் ஒளிப்பிளவில் இது தலைகீழாகும். காமாக் கதிர் தன் கோண உந்தத்தைக் கற்றையின் திசையிலேயே சுமந்து வருவதால், குறைந்த ஆற்றலில் தோரியத் துண்டுகள் 90 டிகிரியில் குவிகின்றன. வின்ஹோல்டு, டெமோஸ், ஹால்பெர்ன் மூவரும் 1952-இலேயே ஒளிப்பிளவில் இந்தத் திசைச்சார்பைக் கண்டிருந்தார்கள்.

சரிபார்க்க வேண்டியவை: திருத்திய பிறகு பரவல் 90 டிகிரிக்கு இருபுறமும் சமச்சீராக இருக்க வேண்டும். முன்கோணத்தில் ஓர் அளவீடாவது எடுங்கள். பின்பக்கம் மட்டும் அளந்த தரவை நான் எளிதில் நம்பமாட்டேன். கற்றை சற்று இடம் மாறினாலும் எண்ணிக்கை ஏமாற்றும். அதனால் கற்றையின் இருபுறமும் சிறிய கோணத்தில் மானிட்டர் வைத்து ரூதர்ஃபோர்டு சிதறலோடு ஒப்பிடுங்கள். இலக்குத் தகடு கற்றைக்கு நேர்செங்குத்தாக இருந்தால், 90 டிகிரியை ஒட்டி வெளியேறும் துண்டுகள் தகட்டுக்குள்ளேயே ஆற்றலை இழக்கும். தகட்டைச் சாய்த்து வையுங்கள்.

தோரியத்தில் இன்னொரு கலப்படமும் உண்டு. ஆக்சிஜன் முழுவதுமாக இணையாமல் சில நியூக்ளியான்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாலும் தோரியம் பிளந்துவிடும். இதைப் பிரிக்க இரு துண்டுகளையும் ஒரே சமயத்தில் பிடித்து இடைக்கோணத்தை அளக்க வேண்டும். முழு இணைவில், சமப் பிளவுக்கு அது சுமார் 159 டிகிரி. கூலும் தடைக்கு (இரு அணுக்கருக்களின் மின் விலக்கத்தைத் தாண்டத் தேவையான ஆற்றலுக்கு) கீழே போகப் போக இந்தச் சோதனை இல்லாமல் முடியாது.

இத்தனைக்குப் பிறகும் மேலே சொன்ன ஹால்பெர்ன்-ஸ்ட்ருடின்ஸ்கி மாதிரிக் கணக்கை விட உங்கள் எண் அதிகமாக வரலாம். முதலில், பிளவுக்கு முன் ஆவியாகும் நியூட்ரான்களைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அவை வெப்பநிலையைக் குறைத்து விகிதத்தை உயர்த்தும். அப்போதும் இடைவெளி நீடித்தால், அது தெரிந்த இயற்பியல்தான். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ராமமூர்த்தியும் கபூரும் 1985-இல் இதற்கு விளக்கம் தந்தார்கள்: கே தன் சமநிலைப் பரவலை எட்டுமுன்பே சில அணுக்கருக்கள் பிளந்துவிடுகின்றன. ஆக்சிஜனும் ஃபுளோரினும் தோரியத்தில் மோதும்போது மாதிரியை மீறும் திசைச்சார்பு, போரானிலும் கார்பனிலும் தலைகாட்டவில்லை என்பதை 1990-இல் வெளியான மும்பை அளவீடுகள் காட்டின. யுரேனியம்-238 போன்ற நீள்வடிவ இலக்கின் முனையில் மோதும்போது அரைப்பிளவு (முழுக் கூட்டு அணுக்கரு உருவாகுமுன்பே பிரிந்துவிடுவது) நேர்கிறது என்று கான்பெராவில் ஹைண்டு குழுவினர் 1995-இல் வாதிட்டனர். தோரியமும் அதே நீள்வடிவம்தான்.

எனவே அடுத்த முறை கற்றை நேரம் கிடைக்கும்போது, அதே தோரியம் தகட்டில், டிடெக்டர்களைத் தொடாமல், கார்பன்-12 கற்றையை ஒருமுறை ஓட்டுங்கள். அது மாதிரியோடு ஒத்துப்போய், ஆக்சிஜன் மட்டும் விலகினால், டிடெக்டரைப் பற்றிய சந்தேகத்தை விட்டுவிடலாம். ஆய்வேட்டில் திருத்திய விகிதத்தோடு, எந்தக் கோணம் வரை அளந்து 180 டிகிரிக்கு நீட்டித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.