தகராறு கடலில் ரிக் வேலை: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கடல் ரிக்கில் (எண்ணெய்க்காகத் துளையிடும் மேடை) ஃப்ளோர்மேனாக, அதாவது துளையிடும் தளத்துத் தொழிலாளியாக இருக்கிறேன். வியட்நாமுக்குத் தென்கிழக்கே ஒரு ரிக்கில் வேலை வந்திருக்கிறது. அந்த இடத்துக்குச் சீனாவும் உரிமை கோருகிறதாம். “வியட்நாம் லைசன்ஸ் இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்கிறார் ஏஜென்ட். ஏதாவது ஆனால் என்னைக் கைது செய்வார்களா? சம்பளம் வருமா?

பதில்: ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. லைசன்ஸ் கொடுத்த நாட்டுக்கு உங்கள் வேலை சட்டப்படியானது. உரிமை கோரும் மற்ற நாடு அதை மதிக்காது; அங்கேதான் சிக்கல்.

உதாரணத்துக்கு, தென் அமெரிக்காவில் கயானாவும் சுரினாமும் பக்கத்து நாடுகள். 2000 ஜூனில் கயானா அனுமதியோடு துளையிட வந்த ரிக்கை, சுரினாம் கடற்படைப் படகுகள் 12 மணி நேரத்தில் கிளம்பச் சொல்லி மிரட்டின. ரிக் போய்விட்டது. சுரினாம் செய்தது தவறு என்று 2007இல் நடுவர் மன்றம் சொன்னது. எல்லை முடிவாகாத கடலில் சுரினாமோடு கலந்து பேசாமல் துளையிட முனைந்ததற்காகக் கயானாவையும் விடவில்லை. நஷ்டஈடு கயானா அரசுக்கே கிடைக்கவில்லை. ரிக்கில் இருந்த ஆட்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல. கடல் சட்டத்தை நம்பி நீங்கள் போக முடியாது. உங்கள் பாதுகாப்பு வேலை ஒப்பந்தத்தில்தான்.

கைதைவிட விரட்டலுக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்று: பொருளாதார மண்டலத்தில் (கடல் வளங்களில் ஒரு நாட்டுக்கு உரிமை உள்ள, கரையையொட்டிய கடல்) மீன்பிடி விதியை மீறுபவருக்குச் சிறைத்தண்டனை கூடாது என்கிறது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு. நாடுகள் தங்களுக்குள் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால்தான் விதிவிலக்கு. எண்ணெய் ஆட்களுக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. அதனால் கைதே நடக்காது என்று நான் எழுதித்தர மாட்டேன்.

சரி, சம்பளம். 2017 ஜூலையில் இதே வியட்நாம் கடலில் ரெப்சோல் என்ற ஸ்பெயின் எண்ணெய்க் கம்பெனியின் துளையிடும் வேலை சீன நெருக்கடியால் நடுவிலேயே நின்றது. அப்படி நின்றால் ரிக் முதலாளிக்கு ஸ்டாண்ட்பை வாடகை (வேலையில்லாமல் காத்திருக்கும் நாட்களுக்கான வாடகை) வரலாம். நாள் சம்பளக்காரருக்கு, எழுதியிருந்தால்தான் வரும். வேலை நின்ற நாட்களுக்கும் சம்பளம், ஆபத்து என்றால் மறுத்துவிட்டுக் கம்பெனி செலவில் ஊர் திரும்பும் உரிமை, இரண்டையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸில் ‘போர் விலக்கு’ (போரால் வரும் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்ற வரி) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பலர் கவனிக்காத வரி அது.

அப்புறம், ஏஜென்ட் இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவானவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். சிடிசி (மாலுமி அடையாளப் புத்தகம்) வைத்து மாலுமியாகப் போவதானால் ஏஜென்டுக்கு ஆர்பிஎஸ்எல், அதாவது மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் உரிமம் வேண்டும். நீங்கள் கேட்டதை ஒப்பந்தத்தில் எழுதித்தர ஏஜென்ட் இழுத்தடித்தால் பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.