மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்லத் தெரியவில்லை

கேள்வி: அல்சூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மகனுக்கு 29 வயது, இசிஇ படித்தவன். சி.வி. ராமன் நகரில் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை. போர் விமானத்துக்கு எலெக்ட்ரானிக் வார்ஃபேர் என்கிறான், அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. பகலில் போன் அடித்தால் எடுப்பதில்லை. திடீரென இரண்டு வாரம் வெளியூர் போவான். கேட்டால் ‘டிரையல்ப்பா’ என்பான். கூடப் படித்தவன் சிப் கம்பெனியில் இதைப்போல மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறான். போர் என்றதும் ஒரு சம்பந்தமும் தட்டிப்போனது. வேலையை மாற்றச் சொல்லட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: ஐயா, முதலில் அந்த போன் விஷயம். இப்படிப்பட்ட ஆய்வகங்களில் ஸ்மார்ட்போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் நீங்கள் அடித்த அழைப்பை அவர் சாயங்காலம்தான் பார்ப்பார். வீட்டில் வாய் திறக்காததும் உங்கள் மேல் கோபத்தால் அல்ல. 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியங்கள் சட்டம் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. எந்த லேப், எந்த விமானம் என்று நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் எலெக்ட்ரானிக் வார்ஃபேர், அதாவது எதிரி ரேடாரை ஒட்டுக்கேட்டு ஏமாற்றும் இந்தத் தொழிலின் அடிப்படை பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது, அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

எதிரி ரேடார் அலையை அனுப்பும். விமானத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். தூரம் இரண்டு மடங்கானால் விமானத்தை வந்தடையும் அலையின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். ரேடாருக்குத் திரும்பிப் போகும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்குதான். அதனால் விமானத்தில் நல்ல ரிசீவர் இருந்தால், ரேடார் நம்மைப் பார்ப்பதற்கு முன்பே பெரும்பாலும் நாம் அதைக் கேட்டுவிடலாம். இதற்கு ரேடார் எச்சரிக்கை ரிசீவர் என்று பெயர். உங்கள் மகன் வேலை பார்க்கும் அதே வட்டாரத்தில் இருக்கும் ‘டேர்’ ஆய்வகம் உருவாக்கி, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ‘தரங்’ இந்த வகைதான். எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது.

கேட்பதோடு வேலை முடியாது. வானத்தில் பல ரேடார்களின் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். உங்கள் கடை வாசலில் நாலு தள்ளுவண்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் கூவினாலும் எது கீரை, எது பழைய பேப்பர் என்று உள்ளே இருந்தே சொல்வீர்கள் இல்லையா? அதேபோல அலைவரிசை, துடிப்பின் அகலம், இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி, வரும் திசை எல்லாவற்றையும் பார்த்து, ‘இது விமானநிலைய ரேடார், இது ஏவுகணையை வழிநடத்தும் ரேடார்’ என்று கணத்தில் பிரித்து, விமானியின் திரையில் ஒரு குறியைக் காட்ட வேண்டும்.

அடுத்தது ஏமாற்றுவது. வந்த துடிப்பை அப்படியே பதிந்துகொண்டு, கொஞ்சம் தாமதித்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மைக்ரோ விநாடி தாமதித்தாலே ரேடாருக்கு விமானம் 150 மீட்டர் தள்ளி இருப்பதுபோலத் தெரியும். தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ரேடார் அந்தப் பொய் விமானத்தின் பின்னாலேயே போய்விடும். இந்தக் கலை புதிதல்ல. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கைத் தாக்கப் போன பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியப் பட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொட்டியே ஜெர்மன் ரேடார்களைத் திணறடித்தன.

இதெல்லாம் கேட்கப் பரபரப்பாக இருக்கும். தினசரி வேலை அப்படி இருக்காது. சுவரெல்லாம் கூம்பு கூம்பாகப் பஞ்சு பதித்த, எதிரொலியே எழாத அறையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். இல்லாத ரேடார் ஒன்று இருப்பதாகத் திரையில் குறி வரும். சாஃப்ட்வேரைக் குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கேபிளின் கனெக்டர் சரியாக முறுக்கப்படவில்லை என்று தெரியும். சொந்த விமானத்தின் ரேடார் முழங்கும்போது நம் ரிசீவர் காது பொத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நேரம் ஒத்துப்போக வைப்பதே பெரும் தலைவலி. பிறகு டிரையல், அதாவது சோதனைப் பறப்பு. மேகம் கவிந்தால் பறப்பு ரத்து, விமானத்தில் வேறு கோளாறு என்றாலும் ரத்து. இரண்டு வாரம் என்று போனவர் மூன்றாவது வாரம் திரும்பினால் ஆச்சரியப்படாதீர்கள். பெரும்பாலும் பறப்பவர் விமானிதான். பொறியாளர் தரையில் டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்வீட்டாருக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விமானியைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவரும் வேலை என்றும் சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் குண்டு போடப் போகும் விமானத்துக்கும் இதுதான் வழி திறந்துவிடுகிறது. இது மகனுக்கும் தெரியும், அதை மனதில் எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர் பாடு.

சம்பளத்தில் உங்கள் கணக்கு சரி. பாதுகாப்புத் துறை ஆய்வகங்களை நடத்தும் டிஆர்டிஓவில், தொடக்க நிலையான விஞ்ஞானி ‘பி’யாகச் சேருபவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். படிகள் சேர்ந்தாலும் சிப் கம்பெனியை எட்டாது. மாறியே ஆக வேண்டும் என்றால் கதவு திறந்துதான் இருக்கிறது: ஆர்எஃப் (ரேடியோ அலைச் சுற்றுகள்), எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப மாற்றி அமைக்கக்கூடிய சிப்), சிக்னல் பிராசஸிங் தெரிந்தவரை டெலிகாம்காரர்களும் கார் ரேடார் செய்பவர்களும் தேடுகிறார்கள். ஆகவே அவர் அங்கே இருப்பது வேறு வழி தெரியாமல் அல்ல. ‘வேலையை மாற்று’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ‘சம்பளம் போதுகிறதா?’ என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள், பதிலை அவரே சொல்லட்டும்.

வரன் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை, இதை மகனின் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். திருமணத் தளத்தில் ‘மத்திய அரசு, எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர்’ என்பதோடு நிறுத்துங்கள். விமானத்தின் பெயர், டிரையல் நடக்கும் ஊர் எதுவும் வேண்டாம். ஜாதகம் கேட்டு போன் செய்யும் முன்பின் தெரியாதவர், பையன் எப்போது வெளியூர் போவார், எங்கே போவார் என்று துருவினால் ‘நேரில் வாங்க, பேசலாம்’ என்று வைத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘தம்பி டிரையலுக்குப் போயிருக்கான்’ என்று பெருமைக்குக்கூடப் போடாதீர்கள். அவருக்கு அது உண்மையிலேயே சங்கடத்தில் முடியலாம்.

பழைய ஏர்போர்ட் ரோட்டில், விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, அல்சூரிலிருந்து தூரமில்லை. 1961-ல் முதன்முதலாகப் பறந்த நம்முடைய மாருத் போர் விமானம், அதோடு மிக்-21 எல்லாம் அங்கே நிற்கின்றன. ஒருநாள் கடையை அடைத்துவிட்டு அவரோடு போய்வாருங்கள். அவையெல்லாம் ஓய்வுபெற்ற விமானங்கள். அவற்றைக் காட்டி நீங்கள் என்ன கேட்டாலும் மகன் வாய் திறந்து பதில் சொல்வார்.