பதில்: வேலை முடிந்து வந்தால் சமைக்கத் தெம்பில்லை, என்ன செய்வது?

தண்டையார்பேட்டை வீட்டுக்குள் நுழையவே எட்டு மணி ஆகிறது, தினமும் கடைப் பரோட்டாதான் என்று எழுதியிருந்தீர்கள். குழம்பு, பொரியல் என்று யோசிக்கவே வேண்டாம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, 4 டம்ளர் தண்ணீர், வெங்காயம், தக்காளி, பூண்டு, மஞ்சள்தூள், சாம்பார்தூள், உப்பு. குக்கரில் 4 விசில் வரட்டும், நீங்கள் போய் உட்காருங்கள்.

தொட்டுக்கொள்ளத்தான் காசிமேடு மீன் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறதே! நெத்திலிக் கருவாடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமையே தலையைக் கிள்ளி, மண் போக வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி, ஈரமில்லாமல் உலர்த்தி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் ஒரு கைப்பிடி எடுத்து மொறுமொறுவென்று வறுத்தால் போதும். கருவாட்டிலேயே உப்பு இருக்கும், தனியாகப் போடாதீர்கள். வீட்டில் யாராவது மூக்கைப் பிடித்தால், அப்பளம் சுட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களே சுடட்டும்.