காதலனை ஊரைவிட்டு அனுப்பினால் கதை நகர்ந்துவிடுமா?

கேள்வி: ‘விடுமுறையில் படிக்க’ பகுதியில் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலைப் பாராட்டிவிட்டு, அதன் இரண்டாம் பாகமான ‘நியூ மூன்’ பற்றி மட்டும் “ஏமாற்றம், தாண்டிப் போகலாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். காதலன் விட்டுவிட்டுப் போனதும் ஒரு பெண் இடிந்து உட்காருவதை எழுதினால் அது ஏமாற்றமா? பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொடர் அது. டீன் ஏஜ் பெண்கள் படிப்பது என்றாலே பத்திரிகைக்காரர்களுக்கு இளக்காரம்தான். நானும் ஒரு மோகினிக் காதல் கதையை செயலியில் தொடராக எழுதுகிறேன். முதல் பாகம் முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் வந்தால் அதையும் தாண்டிப் போகச் சொல்வீர்களா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: விற்பனைக் கணக்கை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். இரண்டாம் பாகத்தை வாங்குகிறவர் முதல் பாகத்தின் மேல் உள்ள ஆசையில்தான் வாங்குகிறார். பிடித்ததா இல்லையா என்பது படித்து முடித்த பிறகு வரும் சங்கதி. கல்லாப்பெட்டிக்கு அது தெரியாது.

இளக்காரம் என்ற குற்றச்சாட்டும் என்னிடம் செல்லாது. தமிழில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாழவைத்ததில் பெண்களுக்குப் பெரிய பங்கு. வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, சேர்த்து பைண்டு செய்து அலமாரியில் அடுக்கிய வீடுகள் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஏராளம். தொடர் தொய்ந்தால் “என்ன சார், இழுக்கிறீர்கள்?” என்று தயங்காமல் கடிதம் போட்டவர்களும் அவர்களே. அந்த வழியில் வந்த நீங்கள் தொய்ந்த புத்தகத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே!

ஒரு வரி போதாது என்கிறீர்கள். சரி, விரிவாகவே பார்ப்போம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற அமெரிக்கச் சிற்றூர். பெல்லா, பள்ளிக்கூடத்துப் பெண். எட்வர்ட், பதினேழு வயசோடு நின்றுபோன ரத்தக்காட்டேரி. அவன் குடும்பம் மனித ரத்தம் தொடுவதில்லை என்று விரதம் காப்பது. 2005இல் வந்த முதல் பாகம் ‘இவன் யார்?’ என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டே வாசகரைக் கட்டி இழுத்தது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட பிறகு எழுத்தாளர் கையில் என்ன மிச்சம்? ‘இவனோடு எப்படி வாழ்வது?’ இதுதான் மிச்சம். இது முதலாவதைவிடக் கடினமான கேள்வி.

2006இல் வந்த ‘நியூ மூன்’ தொடங்கும்போது மேயருக்கு இது தெரிந்தேயிருக்கிறது. பெல்லா கனவில் தன் பாட்டியைப் பார்க்கிறாள். பக்கத்தில் எட்வர்ட். பிறகுதான் உறைக்கிறது, எதிரே இருப்பது பாட்டியில்லை, கண்ணாடி. அதில் தெரிவது கிழவியாகிவிட்ட தான். விழித்தால் பதினெட்டாவது பிறந்தநாள். அவனுக்கு என்றைக்கும் பதினேழுதான். அன்று மாலை எட்வர்ட் வீட்டில் கேக், பரிசு, கொண்டாட்டம். பரிசுப் பொட்டலத்தின் காகிதம் விரலைக் கீறி ஒரு துளி ரத்தம் வருகிறது. அண்ணன் முறை உள்ள ஜாஸ்பர் பாய்கிறான். எட்வர்ட் அவளைப் பின்னால் தள்ள, அவள் கண்ணாடித் தட்டுகள் இருந்த மேஜைமேல் விழுந்து கை கிழிகிறது. இப்போது அந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் சோதனை. ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள். டாக்டரான அப்பா கார்லைல் மட்டும் நின்று, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தையல் போடுகிறார். பேய்க்காதல் கதைகளில் இப்படி ஒரு காட்சி அமைவது அபூர்வம். விரும்பி அழைத்த வீடு, ஒரு சொட்டு ரத்தத்தில் அவளுக்கு ஆகாத வீடாகிவிடுகிறது. எல்லாக் கேள்விகளும் மேஜைக்கு வந்துவிட்டன. இவள் இவர்களோடு இருக்க முடியுமா? இவளும் காட்டேரியாக வேண்டுமா? யார் முடிவு செய்வது?

வாசகர் நிமிர்ந்து உட்காருகிறார். எட்வர்ட் என்ன செய்கிறான்? அவளைக் காட்டுக்குள் அழைத்துப் போய், “நீ எனக்கு வேண்டாம்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிடுகிறான். கேள்வியும் அவனோடு போய்விடுகிறது. புத்தகத்தில் பாதிக்கு மேல் அவன் இல்லை.

நீங்கள் நினைப்பதுபோல அவள் இடிந்துபோனது என் புகாரே கிடையாது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று பக்கத்துக்கு ஒரு மாதப் பெயரை மட்டும் அச்சிட்டு, மற்றதை வெறுமையாக விட்டிருக்கிறார் மேயர். ‘காலிப் பக்கத்துக்கும் காசா?’ என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான். (பிளாட்பாரத்தில் திருட்டுப் பதிப்பு வாங்கியவர்கள் அச்சுக்கோளாறு என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.)

என் புகார் அதற்கு அடுத்த பக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஆபத்தில் இருக்கும்போது எட்வர்டின் குரல் காதில் கேட்கிறது என்பதற்காகப் பெல்லா வலியப்போய் ஆபத்தைத் தேடுகிறாள். அதற்காகப் பழைய மோட்டார் பைக்குகள் இரண்டைக் கொண்டுபோய், அப்பாவின் சிநேகிதருடைய மகன் ஜேக்கப்பிடம் கொடுக்கிறாள். ஜேக்கப்பின் கொட்டகையில் இரண்டு பேரும் ஸ்பேனரும் அரட்டையுமாக உட்கார்ந்திருக்கும் இடங்கள் நன்றாக எழுதப்பட்டவை. அந்தப் பையனுக்கு உயிர் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, அவன் ஓநாயாக மாறும்போது நமக்குப் பரிதாபமும் வருகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், ஜேக்கப் பெயரே அதில் இல்லை. தவறு உங்களுடையதல்ல. எட்வர்ட் எப்போது வருவான் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகும்படி எழுதப்பட்ட புத்தகத்தில், நடுவில் நிற்கிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் வழிமறிக்கிறவன்தான். அவனையாவது முழுசாக நம்பி எழுதினாரா என்றால் அதுவும் இல்லை. எட்வர்டின் தங்கை ஆலிஸ் வாசலில் வந்து நின்றதும் ஜேக்கப்பை அப்படியே விட்டுவிட்டுக் கதை இத்தாலிக்கு விமானம் ஏறிவிடுகிறது.

ஏன் இத்தாலி? எட்வர்ட், அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பெல்லா வீட்டுக்குப் போன் செய்கிறான். ஜேக்கப் எடுத்து, அவள் அப்பா இறுதிச் சடங்குக்குப் போயிருக்கிறார் என்கிறான். செத்தது வேறொருவர். எட்வர்ட், பெல்லாதான் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு, காட்டேரிகளை ஆள்கிறவர்கள் கையால் தானும் சாக, அவர்கள் இருக்கும் இத்தாலியின் வோல்டெரா நகரத்துக்குக் கிளம்பிவிடுகிறான். கிரேஸி மோகன் நாடகத்தில் இப்படி ஒரு போன் வந்தால் வாணி மகாலில் கைதட்டியிருப்போம். இங்கே சிரிக்கவும் முடியவில்லை. பிறந்தநாள் இரவில் வந்த அத்தனை பெரிய சிக்கலை, யார் செத்தார் என்று ஒரு வார்த்தை கேட்காத குறையால் தீர்க்கப் பார்க்கிறார்கள். கடைசியில் பெல்லா எட்வர்ட் குடும்பத்தைக் கூட்டி, தன்னை மாற்றலாமா வேண்டாமா என்று ஓட்டுக்கு விடுகிறாள். எட்வர்டும் ரோசலியும் வேண்டாம் என்கிறார்கள், மற்றவர்கள் சரி என்கிறார்கள். சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. பிறந்தநாளுக்கு மறுநாளே நடந்திருக்க வேண்டிய கூட்டம் அது!

இது இப்படி ஆனதற்கு ஒரு பின்கதை உண்டு. ‘ட்வைலைட்’டை முடித்ததும் மேயர் முதலில் எழுதியது வேறொரு தொடர்ச்சி. கிட்டத்தட்ட நான்காம் பாகத்தில் வரும் கல்யாணம், குழந்தை வரை நேரே போய்விடும் கதை அது. பதின்பருவ வாசகர்களுக்கான தொடராக வெளியிடுவது என்று ஆனபிறகு, பெல்லா பள்ளியை முடிக்கும் காலத்துக்கும் கதை வேண்டியிருந்தது. அப்படி நடுவே சேர்ந்தவைதான் ‘நியூ மூன்’, ‘எக்லிப்ஸ்’ இரண்டும். பின்னால் சேர்த்ததெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன்; மூன்றாம் பாகத்தில் ஜேக்கப்புக்கு உரிய மரியாதை கிடைக்கிறது. இரண்டாவதில் மட்டும் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது.

இன்னொன்றும் எனக்கு உறுத்தல். எட்வர்ட் அந்த மாதங்களில் எங்கே இருந்தான், என்ன செய்தான்? ஏதோ துரத்திக்கொண்டு போனதாக ஒப்புக்கு ஒரு விளக்கம் வருகிறது. 2020இல் மேயர் அவன் வாயால் கதை சொல்லும் ‘மிட்நைட் சன்’ எழுதினார். பெல்லா இல்லாத காலத்தை அவன் எப்படிக் கழித்தான் என்று இனியாவது தெரியும் என நினைத்தால், அவர் திரும்ப எழுதியது முதல் பாகத்தை. நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாகத்தை!

பிரிவை எழுதக் கூடாதா என்று கேட்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். கல்கி முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. அதில் நரசிம்மவர்மர் வயது வந்த மகளுக்குத் தகப்பன். ‘சிவகாமியின் சபதம்’ அதற்குப் பிறகு எழுதப்பட்டு, அவருடைய இளமைக்குப் பின்னோக்கிப் போகிறது. சிவகாமியோடு அவர் சேரப் போவதில்லை என்பதை முந்தைய கதையைப் படித்தவர் ஊகித்துவிடலாம். ஆனாலும் விடாமல் படித்தார்கள். ஏன்? வாதாபியில் சிறையிருக்கும் சிவகாமியை மீட்க நரசிம்மர் மாறுவேடத்தில் வந்து நிற்கிறார். கிளம்பினால் போதும். அவளோ, இந்த நகரத்தை எரித்துவிட்டு அழைத்துப் போங்கள், அதுவரை வரமாட்டேன் என்று விட்ட சபதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பல வருஷம் கழித்து அவர் படையோடு வந்து எரித்தும் விடுகிறார். அதற்குள் அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்டன. அந்தப் பிரிவை அவளே, அவள் குணத்தாலேயே, உண்டாக்கிக்கொண்டாள். விலையும் கொடுத்தாள். பெல்லாவுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இனி உங்கள் மோகினிக்கு வருவோம். முதல் பாகத்தில் அவள் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவளை வில்லிவாக்கத்தில் வாடகை வீட்டில் குடிவையுங்கள். வெள்ளிக்கிழமை வாசலில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடும் வீட்டுக்காரம்மா, கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்க்கும் மாமியார், மல்லிகைப்பூ வாசனை ஏன் ராத்திரி மட்டும் வருகிறது என்று கேட்கும் எதிர்வீட்டுக் குழந்தை, எல்லாரும் வரட்டும். அவனுக்கு நரைக்கிறது, இவளுக்கு நரைக்கவில்லை, ரேஷன் கார்டில் எந்த வயசைப் போடுவது என்று இரண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்து சண்டை போடட்டும். பத்து அத்தியாயம் தாங்கும். அவனுக்குத் திடீரென்று பெங்களூரில் வேலை கிடைத்தது, அலுவலகத்தில் ஒருத்தி சிநேகிதமானாள் என்று எழுதி அனுப்பினீர்களானால் அதே ஒரு வரியைத்தான் மறுபடியும் போடுவேன்.