இணையத்தில் படம், பாட்டுத் திருட்டைத் தடுக்க அமெரிக்காவில் கொண்டுவரப்பட்ட சோபா (SOPA) மசோதாவை டிவி செய்திகள் அடக்கி வாசித்தது கட்சிச் சார்பினாலா?

கட்சிச் சார்பு என்று எனக்குத் தோன்றவில்லை. 2011 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் சோபாவைக் கொண்டுவந்த லாமர் ஸ்மித் குடியரசுக் கட்சிக்காரர். செனட்டில் அதன் ஜோடி மசோதாவான பிபாவை (PIPA) கொண்டுவந்த பாட்ரிக் லேஹி ஜனநாயகக் கட்சி. எதிர்த்தவர்களும் இரு பக்கமும் இருந்தார்கள்.

சேனலின் முதலாளி யார் என்று பாருங்கள். என்பிசி சேனலின் முதலாளியான என்பிசியூனிவர்சல், ஃபாக்ஸை வைத்திருந்த நியூஸ் கார்ப் இரண்டும் மசோதாவின் ஆதரவாளர்கள். யாரும் போன் போட்டு "இதைப் பேசாதே" என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று செய்தி அறைக்குத் தெரியாதா?

சரி, மசோதா மீது ஏன் அவ்வளவு சந்தேகம்? 1998இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு வீடியோ திருட்டு என்றால், நோட்டீஸ் அனுப்பி அந்த வீடியோவை மட்டும் நீக்கவைக்கலாம். சோபாவின் முதல் வடிவமோ வெளிநாட்டுத் தளத்தின் பெயரையே இணைய நிறுவனங்கள் முடக்கும்படி நீதிமன்ற ஆணை பெற வழிசெய்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அதிலும், பெயரை முடக்கினாலும் சர்வரின் எண் முகவரியைத் தட்டிப் பல தளங்களுக்குள் போய்விடலாம்.

2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா மசோதாக்களை எதிர்த்துத் தன் பக்கங்களை மூடி 24 மணி நேரம் இருட்டானது. கூகுளும் தன் லோகோவைக் கறுப்பால் மறைத்தது (அதற்கும் சொந்த லாபம் உண்டு, அப்பாவி இல்லை). மறுநாளே, ஏற்கெனவே இருந்த சட்டங்களை வைத்தே மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. 20ஆம் தேதி இரு மசோதாக்களும் கிடப்பில் போடப்பட்டன.